முழு நைட் பார்த்தவரின் தூக்கம்

வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் தண்ணீர் குடிக்க எழுந்தால் நான் லைட் போடுவதில்லை. சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போய் வருவேன். போன வாரம் உங்கள் சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொண்டபோது, “சுவிட்சு எங்க இருக்குன்னு மறந்துட்டீகளாப்பா?” என்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மறக்கவில்லை. ஒரு பெரியவரைத் தூங்கவைக்கப் போய் எனக்கு வந்த பழக்கம் அது. சிரித்தாயிற்று அல்லவா, இனி இதைப் படியுங்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் விஷயத்தில் பிழை இருக்காது. நானே நின்று பார்த்தது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் உங்களுக்குத் தெரியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. என் டூட்டி சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்துக் காலை ஆறு மணி வரை, ஆண்கள் ஹாலில். பன்னிரண்டு கட்டில்கள்; இந்தப் பக்கம் ஆறு, எதிர்ப்பக்கம் ஆறு, நடுவில் நடக்க வழி. அங்கே படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் மறதி நோய். சாப்பிட்டது மறந்துபோகும், பிள்ளை பெயர் மறந்துபோகும். ஆனால் எல்லாம் மறந்துவிடாது. எது மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

ஏழாம் கட்டில்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்தைந்து வருஷம் உழைத்தவர். சைடர் வேலை. நூல் ஓடும் மெஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, எந்த இழை அறுந்தாலும் விரலால் ஒட்டிவிட வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். நாங்கள் அவரை மில்லுக்காரர் என்றே கூப்பிடுவோம்.

அவர் ராத்திரி தூங்குவதே இல்லை. ஏழு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்ததும் அந்த நடுவழியில் நடை. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டையும் தொட்டுக்கொண்டே போவார். எவர் போர்வையிலாவது நூல் பிரிந்து தொங்கினால் குனிந்து அதை முறுக்கி ஒட்டப் பார்ப்பார். அடுத்த கட்டிலில் பட்டாளத்திலிருந்து ரிடையரான ஒருவர். கால் பக்கம் யாரோ இழுத்தால் அவர் சும்மா இருப்பாரா?

“ஹால்ட்! யாருல அது? பேரச் சொல்லு!”

“சத்தம் போடாதலே, நூலு அறுந்துருக்கு. எந்திரி, மேஸ்திரி வாரான்.”

“எவன்ல மேஸ்திரி? சுட்டுருவேன்!”

அதோடு ஹால் முழுக்க விழித்துவிடும். ஒருவர் அழுவார், ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார். மறுநாள் பகலில் பன்னிரண்டு பேரும் நாற்காலியில் தலை தொங்கிக் கிடப்பார்கள். பகலில் தூங்கினால் ராத்திரி எப்படித் தூக்கம் வரும்?

தூக்க மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று. அளவைக் கூட்டியதும் ராத்திரி தூங்கினார், பகலிலும் தூங்கினார். வாயில் வைத்த சோறு வாயிலேயே இருந்தது. பாத்ரூம் வாசலில் விழுந்து புருவம் கிழிந்து நாலு தையல். டாக்டர் மறுபடி அளவைக் குறைத்தார், மறுபடி நடை ஆரம்பித்தது.

எங்கள் இல்லத்தைப் பார்த்துக்கொள்பவர் ரிடையரான நர்ஸ். சிஸ்டரம்மா என்போம். நல்ல மனுஷி, ஆனால் ஒருவருக்காக மற்ற பதினோரு பேரை விட முடியாது. மாசி பாதியில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

“ஏப்பா, பங்குனி முடியட்டும். அவருக்குத் தூக்கம் சரியாகலேன்னா மகளை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிருவேன். இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு போயிரும். மாத்திரையைக் கூட்டவும் எனக்கு மனசு வரல.”

அவருடைய ஒரே மகள் மம்சாபுரத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் இல்லை. விடிந்தால் காட்டு வேலைக்குப் போய்ப் பொழுது சாய வீடு திரும்பும் பிள்ளை. ஒற்றை அறை வீடு. இல்லத்துக்கு வருவதற்கு முன்னால் பகலில் அவரை வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறது. இதை என்னிடம் சொன்ன அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. திருப்பி அனுப்பினால் மறுபடி அந்தப் பூட்டுத்தான். அது எனக்குத் தெரியும்.

மாசிக் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் காற்றோடு மழை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் ஓடியது. எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று ரவுண்டு உண்டு. ஹால் லைட் அத்தனையும் போட்டு, ஒவ்வொருவரையும் புரட்டி, டயபர் ஈரமாக இருந்தால் மாற்றி, ரவுண்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கு லைட் இல்லை என்பதால் செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு விரலிடுக்கில் கசியும் வெளிச்சத்தில் போனேன். பன்னிரண்டு மணிக்கு மில்லுக்காரர் “ம்” என்று புரண்டு படுத்தார். இரண்டு மணிக்கு அதுவும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. சுவிட்சை எவரும் அணைத்திருக்கவில்லை. எட்டு டியூப் லைட்டும் பளீரென்று ஒரே நேரத்தில் எரிந்தன. மில்லுக்காரர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடினார்.

“மில்லு சங்கு ஊதிருச்சாலே? எழுப்பிவிடக் கூடாது?”

நோட்டை எடுத்துப் பின்னால் புரட்டினேன். என் கையெழுத்து. பன்னிரண்டு ஐந்து, முழித்துவிட்டார். பன்னிரண்டு பத்து, முழித்துவிட்டார். பக்கம் பக்கமாக அதேதான். ராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். நம் தெருவில் பாதி வீடு மில்லு வீடு. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று காதில் விழாத நாள் கிடையாது. முழு நைட் என்றால் பன்னிரண்டு மணிக்கு ஆள் மெஷின் முன்னால் நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரியும். அது தெரிந்தும் தினமும் பன்னிரண்டு மணிக்கு லைட்டைப் போட்டு அவரை வேலைக்குக் கூப்பிட்டது நான்தான்.

காலையில் சிஸ்டரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்கள்.

“அப்போ சங்கே நீதானா? இத்தனை நாளா மாத்திரையை உனக்குல்ல குடுத்திருக்கணும்!” என்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், “நான் போட்ட ரவுண்டுதானப்பா அது. எனக்கும் பங்கு இருக்கு” என்றார்கள்.

அன்றிலிருந்து ஹாலில் டியூப் லைட் எரிவதில்லை. பாத்ரூம் வழியில் மட்டும் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. டார்ச்சில் காவித் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டேன். ஈரம் இல்லாதவரைப் புரட்டுவதில்லை. தூங்குகிறவரைத் தூங்குகிறாரா என்று கேட்டு எழுப்புவதும் இல்லை. சாயங்காலம் ஆறரை மணி டீயை நிறுத்திச் சுக்குமல்லிக் காப்பி கொடுத்தோம். பட்டாளத்துக்காரருக்கு அது பிடிக்காமல் ரெண்டு நாள் பட்டினிப் போராட்டம் நடத்தினார், அப்புறம் குடித்தார்.

ஆனால் மழைக் குளிர் இல்லாத சாதாரண ராத்திரியில் மில்லுக்காரர் ஒரு மணிக்கு எழுந்தார். ஒரு மணி நேரம்தான் லாபம். காரணம் ரொம்ப எளிது. ஏழு மணிக்குப் படுத்தவர் ஆறு மணி நேரம் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். சரி, ஒன்பதரை வரை படுக்கவிடாமல் வைத்திருப்போம் என்றால் அவர் சம்மதிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் கட்டிலைப் பார்த்து நடப்பார். கையைப் பிடித்தால் கோபம் வரும்.

“முழு நைட்டுக்குப் போறவன் செத்த நேரம் கண்ண மூட வேண்டாமா? விடுலே!”

முழு நைட் போகிறவர் முன்சாயங்காலம் தூங்கி எழுந்து போவதுதான் வழக்கம். அவர் சொல்வது நியாயம். அவரைப் பொறுத்தவரை அவர் இன்னும் முழு நைட்டில் இருக்கிறார். அதை மாற்றாமல் மற்றது எதுவும் மாறாது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நான் தெம்பாகப் போய்ச் சொன்னேன். “உங்களுக்கு ஷிப்ட் மாத்தியாச்சு. நாளையிலருந்து பகல் ஷிப்ட். போர்டுல போட்டாச்சு.” சிஸ்டரம்மா கரும்பலகையில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

மில்லுக்காரர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இத்தனை தெளிவாக அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

“நடு வாரத்துல எவன்ல ஷிப்டு மாத்துவான்? என்ன மில்லு நடத்துதிய? யூனியன்ல சொல்லி உன்னைய வெளிய நிறுத்துதேன் பாரு.”

அன்றைக்கு அவர் ஏழு மணிக்கும் தூங்கவில்லை, விடிய விடியவும் தூங்கவில்லை. ஹாலுக்குள்ளேயே அவருடைய யூனியன் கூட்டம் நடந்தது. பட்டாளத்துக்காரர் டம்ளரை எறிந்தார், அது என் மேல்தான் விழுந்தது. பங்குனி முடிய இரண்டு வாரம்கூட இல்லை. மகளுக்குச் சிஸ்டரம்மா தேதி சொல்லி வைத்துவிட்டார்கள்.

காலையில் டூட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். காட்டுக்குப் போகிற வழியில் எடுத்தது. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

“மில்லுல ஷிப்ட் எப்பம்மா மாத்துவாக?”

“வார லீவு முடிஞ்சுதாண்ணே மாறும். எங்கப்பாவுக்கு வியாழக்கிழமை லீவு. கடைசிப் பதினஞ்சு வருசமும் அவுகளாக் கேட்டு முழு நைட்டுலயே இருந்தாக. பகல்ல நான் ஸ்கூலுக்குப் போயிட்டா வீடு சத்தமில்லாம இருக்கும்ல, அப்பத் தூங்குவாக.”

“வியாழக்கிழமை என்ன செய்வாக?”

“காலைல எண்ணெய் தேச்சுக் குளிப்பாக. கறி எடுத்துட்டு வருவாக. அன்னைக்கு ஒரு ராத்திரிதாண்ணே எங்ககூடப் படுத்துத் தூங்குவாக. நானும் அம்மாவும் அதுக்குன்னே அன்னைக்கு வெளிய பாய் விரிப்போம்.” பிறகு குரல் மாறிற்று. “எண்ணே, கூட்டிட்டுப் போகத்தான் சொல்லுவாகளோ?”

“வியாழக்கிழமை வரைக்கும் பொறும்மா” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

வியாழக்கிழமை வந்தது. நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வராமல் அங்கேயே நின்றுவிட்டேன். அவருக்கு நல்லெண்ணெய் தேய்த்து, பின்பக்கம் வெயிலில் உட்கார வைத்து, வெந்நீர் ஊற்றினேன். அதுவரை ஆட்களைக் காலையில் முன்வராந்தாவில்தான் உட்கார வைப்போம், தூரத்தில் ரோட்டில் பஸ் போவதைப் பார்க்கட்டும் என்று. எங்கள் கட்டிடம் மலையைப் பார்த்து மேற்கே நிற்பது. முன்வராந்தாவில் மத்தியானம் வரை நிழல்தான். பின்பக்கம், துணி துவைக்கும் கல் பக்கம், ஏழு மணிக்கே இளவெயில் முகத்தில் அடிக்கும். அங்கே நாற்காலி போட எங்களுக்கு அதுவரை தோன்றியதில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு நாற்காலியும் பின்பக்கம் போயின.

மத்தியானம் கறிக்குழம்பு. சிஸ்டரம்மா, “ஒரு ஆளைத் தூங்கவைக்கப் பன்னிரண்டு பேருக்குக் கறியா!” என்று சொல்லிக்கொண்டே ரெண்டாம் தடவை ஊற்றினார்கள். சாப்பிட்டதும் அவர் கட்டிலுக்குப் போகாமல் நாற்காலியிலேயே அரைமணி நேரம் சாய விட்டு, டீ வாசனை காட்டி எழுப்பினேன். சாயங்காலம் கையைப் பிடித்துக் காம்பவுண்டை ரெண்டு சுற்று.

“இன்னைக்கு லீவுல்லா?” என்று அவரே கேட்டார்.

“ஆமா. வியாழக்கிழமை.”

“அதான பாத்தேன். கறி மணந்துச்சே.”

ஒன்பதரைக்குப் பாத்ரூம் கூட்டிப் போய்விட்டுப் படுக்க வைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தவரிடம் மெதுவாகச் சொன்னேன்: “நாளையிலருந்து பகல் ஷிப்ட் போட்டிருக்காக. காலைல ஏழு மணிக்கு.” அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டே, “மாத்திட்டானா? சரி, வயசாச்சுல்லா” என்றார். படுத்தார். நாலரை வரை அசையவில்லை.

இது பொய் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் சிஸ்டரம்மாவிடம் கேட்டேன். “பகல்ல அவருக்கு உண்மையிலேயே வேலை குடுத்துரு. பொறவு எப்படிப் பொய்யாகும்?” என்றார்கள். அதைத்தான் செய்தேன்.

எங்கள் இல்லத்தில் தினமும் இருபது போர்வை, விரிப்பாவது துவைத்துக் காயப்போடுவோம். பின்பக்கம் நெஞ்சு உயரத்தில் இரண்டு கொடி கட்டினேன், நடுவில் ஆள் நடக்க வழிவிட்டு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திக் கையில் கிளிப் டப்பாவைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லித்தரவில்லை. இந்தப் பக்கம் ஒரு கொடி, அந்தப் பக்கம் ஒரு கொடி. அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார். சுருக்கத்தை நீவுவார், கிளிப் போடுவார், எங்கேயாவது நூல் தொங்கினால் நின்று முறுக்குவார். யாரையும் எழுப்பவில்லை, யாரும் திட்டவில்லை. மலைப்பக்கமிருந்து காற்று அடித்து ஒரு போர்வை பறந்தபோது, “மெஷினை நிப்பாட்டு!” என்று போட்டாரே ஒரு சத்தம், பட்டாளத்துக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார். மறுநாளிலிருந்து பட்டாளத்துக்காரர் அந்தக் கொடிக்குக் காவல். ரெண்டு பேரும் பகையை மறந்துவிட்டார்கள். மறதியில் அப்படியும் ஒரு நன்மை.

எல்லா ராத்திரியும் நன்றாகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் எழுந்துவிட்டார். அப்போதும் லைட் போடவில்லை, தர்க்கம் பண்ணவில்லை. “ஷிப்ட் காலைலதான்” என்று சொல்லிப் பாத்ரூம் கூட்டிப் போய்விட்டு வந்து படுக்க வைத்தேன், படுத்தார். தூங்குகிற நேரத்தை நோட்டில் பார்த்துவிட்டு டாக்டரே மாத்திரையைப் பாதியாக்கினார். நாங்களாக எதையும் நிறுத்தவில்லை. அவர் ஒருவர் அடங்கியதும் மற்ற பதினோரு பேரும் தூங்கினார்கள். அந்தப் பதினோரு பேருக்கும் வெயிலும் இருட்டும் வேண்டியிருந்திருக்கிறது, நாங்கள் ரெண்டையும் கொடுக்காமல் இருந்திருக்கிறோம். பகல் பகலாக இருக்க வேண்டும், ராத்திரி ராத்திரியாக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிஸ்டரம்மா சொன்ன தேதியும் வந்தது. அன்றைக்கு விடியக்காலம் முதல் பஸ்ஸிலேயே அந்தப் பிள்ளை வந்துவிட்டது. தோளில் ஒரு பெரிய வெறும் பை, அப்பாவின் துணிகளை எடுத்துப் போக. மணி ஐந்தரை இருக்கும். நான் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப் போனேன். ஹால் இருட்டாக, பன்னிரண்டு குறட்டையோடு இருந்தது. ஏழாம் கட்டில் பக்கம் நின்று குனிந்து பார்த்தது.

“தூங்குதாக?” என்றது, காற்றுப் போன குரலில்.

“எழுப்பட்டுமாம்மா?”

“ஐயோ வேண்டாம்ணே. வருசக்கணக்காச்சு, இந்நேரத்துல இவுக தூங்கிப் பாத்து.”

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். சிஸ்டரம்மா வந்து அதன் மடியில் கிடந்த பையை எடுத்து மடித்துக் கையில் கொடுத்து, “இது வேண்டாம்மா, கொண்டு போயிரு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளை பையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்தது. நான் மற்றவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் அப்படியே தூங்கிப் போயிருந்தது. அது நிம்மதியாகத் தூங்கி எத்தனை காலம் ஆகியிருந்ததோ.

ஆறு மணி வாக்கில் மில்லுக்காரர்தான் முதலில் விழித்தார். பக்கத்தில் தலை சாய்ந்து கிடக்கும் பெண்ணைப் பார்த்தார். மகள் என்று தெரிந்ததா இல்லையா, எனக்குத் தெரியாது. சத்தம் வராமல் காலைக் கீழே வைத்து, தன் போர்வையை எடுத்து அதன் தோளில் போர்த்தினார். போர்வை ஓரத்தில் தொங்கிய நூலை ஒரு தடவை முறுக்கிவிட்டார். பகல் டூட்டி ஆள் சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனதும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“லைட்டப் போடாதலே. முழு நைட் பாத்துட்டு வந்து தூங்குது.”

அன்றைக்குக் கொடியில் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய ஷிப்ட் அரைமணி நேரம் பிந்தித்தான் தொடங்கிற்று. நானும் அதுவரை வீட்டுக்குக் கிளம்பவில்லை.